பணிப்பதிவேட்டில் ஏறாதவை

2024 ஜூலையில் எங்கள் மருத்துவமனையின் இளநிலை உதவியாளர் என் பணிப்பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு புறநோயாளிகள் அறைக்கே வந்துவிட்டார். அரசுப் பணியில் 25 ஆண்டுகளை மாசின்றி முடித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஒரு சான்றிதழும் 2,000 ரூபாய் வெகுமதியும் தருகிறது. அதற்கான கருத்துருவை அனுப்பும் முன் நான் எல்லாப் பதிவுகளையும் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றார். அன்று மாலை பிரசவ அறை அமைதியாக இருந்ததால், ஓரங்கள் மஞ்சளாகிப்போன அந்தப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நான் எந்த நாளில் எந்த ஊரில் இருந்தேன், எத்தனை நாள் விடுப்பு எடுத்தேன், எப்போது ஊதிய உயர்வு பெற்றேன் என்பதெல்லாம் அதில் இருந்தன. அந்த நாள்களில் என் வீட்டில் என் இடத்தில் யார் நின்றார்கள் என்பதற்கு அதில் பத்தி கிடையாது. புதிதாகப் பட்டம் பெற்று வரும் பெண் மருத்துவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கு விடை அந்த இல்லாத பத்தியில்தான் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் 1992-இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சி மருத்துவப் பணியுமாக 1998-இல் வெளியே வந்தேன். வகுப்பறைகள் வல்லம் சாலையில் இருந்தாலும், உண்மையில் நான் மருத்துவம் கற்றுக்கொண்ட இடம் ஊருக்குள் இருக்கும் ராசா மிராசுதார் மருத்துவமனையின் பிரசவ அறைதான். பயிற்சிக் காலத்தில் அங்கே கழித்த இரவுகளில், வலியில் துடிக்கும் பெண்ணின் வயிற்றின் மேல் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்க்காமலேயே வலியின் நீளத்தைச் சொல்லும் மூத்த செவிலியர்களைப் பார்த்தேன். மருத்துவராக வெளியே போகும் எவரும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் செவிலியர்களின் மாணவராக இருந்துவிட்டால் பல விபத்துகளைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. இதைச் சொன்னால் என் வகுப்புத் தோழர்கள் சிலர் இன்றும் முகம் சுளிக்கிறார்கள்.

1999-இல் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரப் பகுதியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் சேர்ந்தேன். அப்போது எங்களில் பலரும் 'பத்து ஏ ஒன்று' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் தற்காலிக நியமனத்தில் சேர்ந்தவர்கள். பின்னர் தேர்வாணையத் தேர்வு எழுதித் தேறினால்தான் பணி முறைப்படுத்தப்படும். நான் தேர்வில் தேறியும், சேர்ந்த நாளின் பணியேற்பு அறிக்கையின் நகல் என்னிடம் இல்லாததால், அலுவலகத்திலும் அது கிடைக்காததால், முறைப்படுத்தும் ஆணைக்காக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அலைந்தேன். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்தை இழந்து பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வந்துவிட்ட பிறகுதான் ஒரு தேதி எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது. நியமன ஆணை, பணியேற்பு அறிக்கை, விடுவிப்பு ஆணை, விடுப்பு ஆணை என எதுவானாலும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கொரு முறை பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மருத்துவர்கள் இதை எழுத்தர் வேலை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், ஓய்வு பெறும் ஆண்டில் வருந்துகிறார்கள்.

பணியில் சேர்ந்த மறு ஆண்டு எனக்குத் திருமணம் நடந்தது. என் கணவர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். பெண் பார்க்க வந்தபோது இரவில் பிரசவத்துக்குக் கூப்பிட்டால் நான் போயாக வேண்டும் என்று சொன்னேன், அவர் சரி என்றார். அதற்குமேல் நாங்கள் எதையும் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்ற உறுதியைக் கேட்டுப் பெற்ற பின்னரே 1914-இல் திருமணத்துக்கு இசைந்தார். அவர் பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தின் படிவங்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்ட எனக்கு, அவர் கேட்டதில் பாதியைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. யார் மேற்படிப்புக்குப் போவது, எப்போது போவது, குழந்தையை யார் பார்ப்பது, இடமாறுதல் வந்தால் யார் வேலையை மாற்றிக்கொள்வது, இவையெல்லாம் திருமணத்துக்கு முன்பே பேசப்பட வேண்டியவை. பேசாமல் விட்டால் அந்த முடிவுகளை நாள்களும் வழக்கமும் சேர்ந்து எடுத்துவிடுகின்றன, பெரும்பாலும் பெண்ணின் கணக்கில் பற்று எழுதி. என் வீட்டில் அப்படி முழுவதும் நடக்காமல் போனதற்குக் காரணம் என் சாமர்த்தியமன்று, நான் அத்தை என்று அழைக்கும் என் மாமியார்.

2001-இல் மகள் பிறந்தபோது மகப்பேறு விடுப்பு 90 நாள்தான். அது 2011-இல் ஆறு மாதமாகவும், 2016-இல் ஒன்பது மாதமாகவும், 2021-இல் ஓராண்டாகவும் உயர்ந்ததை நான் மற்றவர்களுடைய விடுப்பு விண்ணப்பங்களில்தான் பார்த்தேன். 91-ஆம் நாள் மகளை அத்தையின் மடியில் விட்டுவிட்டுப் பணிக்குத் திரும்பினேன். சுகாதார நிலையத்தை ஒட்டிய மருத்துவர் குடியிருப்பில் குடியிருந்ததால், புறநோயாளிகள் வரிசைக்கு நடுவே பத்து நிமிடம் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வர முடிந்தது. வரிசையில் நின்ற கிழவிகள், "போய்ட்டு வா ஆத்தா, நாங்க எங்க போயிரப் போறோம்" என்பார்கள். நகரத்துப் பெரிய மருத்துவமனைகளில் வேலை பார்த்த என் தோழிகளுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை. கிராமத்துப் பணியைத் தண்டனையாக எண்ணும் இளைய மருத்துவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு.

2004-இல் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கணக்கை எழுத முடியாது. இரண்டாவது பிரசவத்துக்கு வந்த ஓர் இளம்பெண், இரவு ஒன்பது மணிக்கு மேல் நலமாகக் குழந்தை பெற்றாள். நஞ்சுக்கொடியும் முழுமையாக வந்துவிட்டது. ஆனால் கருப்பை சுருங்கவில்லை. நிறைமாதக் கருப்பைக்கு ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. அது சுருங்க மறுத்தால் நல்ல உடல்நிலையில் உள்ள பெண்கூட இரண்டு மணி நேரத்தில் இறந்துவிடக் கூடும். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஊசி மருந்து இருப்பில் இருந்தது. குளிர்பெட்டியில் இருந்திருக்க வேண்டிய அந்தக் குப்பிகள் வார்டு அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. 108 ஊர்தி தமிழ்நாட்டில் 2008-இல்தான் வந்தது என்பதால், ஊரில் ஒருவருடைய வாடகை வேனை எழுப்பி எடுத்துக்கொண்டு, ஒரு கை உள்ளேயும் ஒரு கை வயிற்றின் மேலுமாகக் கருப்பையை அழுத்திப் பிடித்தபடியே மாவட்டத் தலைநகர் வரை போனேன். விடிவதற்குள் அந்தப் பெண் இறந்துவிட்டாள்.

தாய் மரணம் ஒவ்வொன்றும் மாவட்ட அளவில் ஆய்வுக்கு உட்படுத்தப்படும். ஆய்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்பது. நோயாளிக் குறிப்பில் நான் மருந்தின் பெயரை எழுதியிருந்தேன், நேரத்தை எழுதவில்லை. அந்த மருந்து வெயிலில் வீரியம் இழந்திருக்கலாம் என்ற ஐயத்தை நானே எழுந்து சொன்னேன். அதன் பிறகு இருபது ஆண்டுகளாக நான் எந்த மருத்துவமனைக்குப் பணிக்குச் சென்றாலும், காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும் முன் பிரசவ அறையின் அவசர மருந்துத் தட்டை என் கையாலேயே எண்ணிப் பார்க்கிறேன். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்கிறதா, வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் போதுமான அளவு இருக்கிறதா, பிராணவாயு உருளையின் திறவுகோல் உருளையிலேயே கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு நான்கு நிமிடம் ஆகிறது. குறிப்பு எழுதும்போது நேரத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். இரத்தம் கொடுக்க முன்வருவோரின் பெயர்களை, இரத்த வகையோடு, கர்ப்பிணியின் எட்டாம் மாதத்திலேயே குறித்து வைக்கிறேன். இவற்றில் எதுவும் மருத்துவக் கல்லூரியில் தேர்வுக்குக் கேட்கப்பட்டதில்லை.

அந்தப் பெண் இறந்த அன்று காலை வீட்டுக்கு வந்தபோது மூன்று வயதை எட்டவிருந்த மகளுக்குக் காய்ச்சல். அத்தை கொல்லைப்புறத்தில் வெந்நீர் போட்டு வைத்திருந்தார். என் சேலையைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. "குளிச்சிட்டு வந்து புள்ளையத் தொடு" என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் நான் வேலையை விட்டுவிடுவதாக இருந்தேன். விடாமலிருந்ததற்குப் பெரிய இலட்சியம் எதுவும் காரணமில்லை, அடுத்த இரண்டு நாளில் பிரசவத் தேதி உள்ளவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். இப்படி ஒன்று நடந்த பிறகு பேசுவதற்கு ஒரு மூத்த மருத்துவரைத் தேடிவைத்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். எனக்கு அப்படி ஒருவர் வாய்க்க ஆறு ஆண்டுகள் ஆயின. அதுவரை கனவில் அந்த வேன் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த மரணம்தான் என்னை மகப்பேறு மருத்துவம் படிக்கத் தூண்டியது. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2004–06 காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 111 தாய்மார் இறந்தார்கள், 2018–20-இல் அது 54. அந்தச் சரிவு எப்படி வந்தது என்று கேட்டால், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர்கள் இருந்ததும், 'சீமாங்' என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் அவசர மகப்பேறு மையங்கள் வந்ததும், 108 ஊர்தியும், தாய் மரண ஆய்வுகளில் எங்களைக் குடைந்த கேள்விகளும் என்று சொல்வேன். ஆனால் எனக்கு மேற்படிப்புக்கான இடம் கிடைத்தபோது மகளுக்கு ஆறு வயது, 2006-இல் பிறந்த மகனுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. மூன்றாண்டுப் பட்டமேற்படிப்பா, இரண்டாண்டு டிப்ளமோவா என்ற நிலையில், ஓராண்டு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக டி.ஜி.ஓ. என்ற மகப்பேறு மருத்துவ டிப்ளமோவைத் தேர்ந்தெடுத்துச் சென்னைக்குப் போனேன். அந்த ஓராண்டுச் சேமிப்புக்கு நான் கொடுத்த விலை, மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகும் தகுதி. இன்று டிப்ளமோ இடங்களே பட்டமேற்படிப்பு இடங்களாக மாற்றப்பட்டுவிட்டதால் இளையவர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. எனினும் பொதுவாகச் சொல்வேன்: குழந்தைக்காக என்று படிப்பைச் சுருக்கிக்கொள்ளும்போது, உண்மையில் குழந்தைக்கு எத்தனை நாள் கூடுதலாகக் கிடைக்கும் என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்க்கவில்லை. சனிக்கிழமை இரவு கோயம்பேட்டில் பேருந்து ஏறி, ஞாயிறு முழுவதும் பிள்ளைகளோடு இருந்து, அன்றிரவே திரும்பினால் திங்கள் காலை நேராக வார்டுக்குப் போகலாம். மாதத்தில் இரண்டு முறை அப்படிப் போனேன். மூன்றாண்டுப் படிப்பிலும் அதே அளவுதான் போயிருப்பேன்.

2008 இறுதியில் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரின் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டு வாசலில் நின்றார். என்னோடு பல ஆண்டுகள் தடுப்பூசி முகாம் நடத்தியவர் அவர். சற்றுத் தயங்கி, "டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க, தம்பி பேரு என் நோட்டுல விடுபட்டவங்க பட்டியல்ல இருக்கு" என்றார். பதினாறு மாதத்துக்கும் இருபத்துநான்கு மாதத்துக்கும் இடையில் போட வேண்டிய முத்தடுப்பு ஊக்குவிப்பு ஊசி என் மகனுக்குப் போடப்படவில்லை. அந்த வட்டாரத்தில் எத்தனையோ தாய்மார்களை இதற்காக நான் கடிந்திருக்கிறேன். என் கணவர் நான் போட்டிருப்பேன் என்று நினைத்திருந்தார், நான் அத்தை போயிருப்பார் என்று நினைத்திருந்தேன், அத்தையோ டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு யாராவது வந்து போடுவார்கள் என்று இருந்துவிட்டார். திண்ணையிலேயே ஊசி போடப்பட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. பள்ளிக் கட்டணம், தடுப்பூசி, அத்தையின் சர்க்கரைப் பரிசோதனை, பெற்றோர் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர், ஒரே ஒரு பெயர். "நாம பாத்துக்கலாம்" என்ற சொல் அந்தத் தாளில் அனுமதிக்கப்படவில்லை. எங்கள் திருமண வாழ்க்கையில் நாங்கள் செய்த மிகப் பயனுள்ள காரியம் அந்தத் தாள்தான் என்று என் கணவர் இன்றும் சொல்வார்.

படிப்பு முடிந்து 2010-இல் ஒரு வட்ட மருத்துவமனையின் சீமாங் மையத்துக்கு வந்தேன். தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாக மருத்துவம் பார்க்கலாம் என்பதால், மாலை ஆறு முதல் ஒன்பது வரை ஒரு கிளினிக் தொடங்கினேன். கூட்டம் வந்தது, பணமும் வந்தது, வீட்டுக்கடன் வேகமாகக் குறைந்தது. மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் என் கணவர் கணக்கு நோட்டை விரித்து, வாடகை, உதவியாளர் சம்பளம், பிள்ளைகளின் டியூஷன், சமையலுக்கு ஆள், வெளிச் சாப்பாடு எல்லாவற்றையும் கழித்துக் காட்டினார். மிஞ்சியது ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரத்துக்கு அது மலிவான விலை. 2013-இல் மூடிவிட்டேன். கிளினிக் வைக்காதீர்கள் என்று யாருக்கும் அறிவுரை சொல்ல நான் தயாரில்லை. கடனும் கட்டாயமும் வீட்டுக்கு வீடு வேறு. செலவைக் கழித்துவிட்டு மணிக்கு எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள், அவ்வளவுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் இரவுப் பணியில் இருந்தேன். விடிந்து பார்த்தால் தென்னைகள் சாலைக்குக் குறுக்கே தீக்குச்சிகளைப் போலக் கிடந்தன. கைப்பேசிக் கோபுரங்கள் விழுந்து எந்தத் தொடர்பும் இல்லை. வலி கண்ட பெண்களை மரங்களுக்கு மேலே கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மூன்று நாள் ஜெனரேட்டர் ஓடியது, டீசலுக்காக ஊர் இளைஞர்கள் தங்கள் டிராக்டர்களில் இருந்ததை இறக்கித் தந்தார்கள். தடுப்பூசிகள் இருந்த குளிர்பெட்டிக்கும் அறுவை அரங்குக்கும் மட்டும் மின்சாரம், மற்ற இடமெல்லாம் மெழுகுவத்தி என்று பங்கிட்டுக்கொண்டோம். என் வீடு அங்கிருந்து 14 கிலோமீட்டர்தான். கணவரும் அத்தையும் பிள்ளைகளும் உயிரோடிருக்கிறார்களா என்று மூன்றாம் நாள்வரை எனக்குத் தெரியாது, நான் உயிரோடிருக்கிறேனா என்று அவர்களுக்கும் தெரியாது. நான்காம் நாள் வீடு சேர்ந்தபோது மாட்டுக் கொட்டகையும், குடும்பத்தின் தென்னந்தோப்பில் பெரும்பகுதியும் இல்லை. நான் அழத் தொடங்கியதும் அத்தை, "புள்ளத்தாச்சிகளப் போட்டுட்டு நீ இங்க வந்திருந்தா நானே திட்டியிருப்பேன்" என்றார். பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த மகள் எதுவும் சொல்லவில்லை. மறு ஆண்டு நீட் தேர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை என்று அறிவித்தபோதுதான் சொன்னாள்: "எனக்கு ராத்திரியில தூங்கணும்மா." இப்போது திருச்சியில் கணக்குத் தணிக்கை பயில்கிறாள். மார்ச் மாதத்தில் அவளும் தூங்குவதில்லை என்று கேள்விப்படுகிறேன்.

கொரோனாக் காலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் தனியாகச் சொல்ல ஒன்றுதான் உண்டு. 2020-இல் மாடி அறையில் தனியே இருந்த நாள்களில், செவிலியர் ஒருவர் வேடிக்கையாக என் கையில் இரத்த அழுத்தக் கருவியைக் கட்டிப் பார்த்தபோது 170-க்கு 104 இருந்தது. எத்தனை ஆண்டுகளாக அப்படி இருந்தது என்பதைச் சொல்ல எந்தப் பதிவும் இல்லை, நான் பார்த்துக்கொண்டதே இல்லை. இப்போது ஒவ்வோர் ஆண்டும் என் பிறந்த நாளன்று நானும் ஓர் ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, இன்னொரு மருத்துவரிடம் காட்டிக்கொள்கிறேன். தனக்குத் தானே மருந்து எழுதிக்கொள்ளும் மருத்துவருக்கு, ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் கவனம்கூடக் கிடைப்பதில்லை.

வெகுமதிக் கருத்துருவில் கையெழுத்திட்டுக் கொடுத்த மறு மாதம், அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவருக்கு 81 வயது. அறுவை நல்லபடியாக முடிந்தாலும், படுக்கையிலிருந்து எழுப்பி நடக்கவைக்க ஆள் வேண்டும். கதவுத் தாளில் புதிய வரி ஒன்றை எழுதி, அதற்கு எதிரே யாரும் கேட்கும் முன் என் பெயரை எழுதினேன். என் கணக்கில் 240 நாள் ஈட்டிய விடுப்பு இருந்தது. அதற்குமேல் சேராது என்பது விதி, ஆகவே பல ஆண்டுகளாக நான் ஈட்டியதெல்லாம் வீணாகிக்கொண்டே இருந்திருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். 45 நாளுக்கு விண்ணப்பம் எழுதி எடுத்துப் போனேன். காரணம் என்ற இடத்தில், 23 ஆண்டுகள் என் பிள்ளைகளை வளர்த்த மாமியாரைக் கவனித்துக்கொள்வதற்காக என்று எழுதியிருந்தேன். அதே இளநிலை உதவியாளர் படித்துப் பார்த்தார்.

"இவ்வளவு வேண்டாம் டாக்டர். சொந்த அலுவல்னு போடுங்க, போதும்" என்றார்.

அடித்துவிட்டு, அப்படியே எழுதிக் கொடுத்தேன்.